வீட்டுக் கல்வி: எந்தக் கணிதப் புத்தகம்?

கேள்வி: மகளுக்கு 9 வயது. நான்காம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டு நிறுத்தி, வீட்டிலேயே சொல்லித்தருகிறோம். சிங்கப்பூர் கணிதம், சாக்ஸன், மேத்-யூ-சீ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: வாங்குவதற்கு முன் 402 - 178 போடச் சொல்லுங்கள். 224 வந்தால் சரி. 376 என்று எழுதினால், இடத்துக்கு இடம் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். அதாவது, கடன் வாங்குவது பிடிபடவில்லை. நான்காம் வகுப்புப் புத்தகம் எதுவும் இதைச் சரிசெய்யாது. அது தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்கும்.

விளையாட்டு நோட்டில் நான்கு நூறும் இரண்டு ஒரு ரூபாயும் கொடுத்து, 178 ரூபாய் தரச் சொல்லுங்கள். சில்லறை போதாது, பத்து ரூபாய் நோட்டும் இல்லை. ஒரு நூறைப் பத்து பத்துகளாக்கி, அதில் ஒரு பத்தை உடைத்தால் கையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. மாற்ற மாற்ற அதைத் தாளிலும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

இனி புத்தகம். பொருள், படம், எண் என்று போவது சிங்கப்பூர் முறை. சொற்கணக்கில் திணறும் பிள்ளைக்கு, கணக்கில் வரும் அளவுகளைப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் அதன் முறை கைகொடுக்கும். சாக்ஸன் புதிதாகக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் பழையதைத் தினமும் கலந்து கொடுக்கும். மறதிக்கு மருந்து, ஆனால் சலிப்பூட்டும். மேத்-யூ-சீ ஒரு நிலைக்கு ஒரே பாடம்தான்: பெருக்கல், பிறகு வகுத்தல், அதன்பிறகே பின்னம். நடுவில் விட்டு வேறு புத்தகத்துக்குத் தாவினால் பின்னமே தெரியாமல் நிற்பாள். அமெரிக்கப் பதிப்புகளில் அங்குலம், கேலன், சென்ட் கணக்குகள் வேறு.

என்னைக் கேட்டால், சமச்சீர் அல்லது என்சிஇஆர்டி புத்தகமே முதுகெலும்பாக இருக்கட்டும். இணையத்தில் இலவசம். பயிற்சி குறைவாகத் தோன்றும் பாடத்துக்கு மட்டும் வெளிப்புத்தகம். இரண்டு பாடத்திட்டங்களை முழுசாக ஓட்டாதீர்கள். தினம் 30-40 நிமிடம் போதும்.

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன வழி?
- வாசகர், மதுரை

பதில்: தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) 14 வயது நிறைந்தவர் சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அங்கே கணிதம் கட்டாயமில்லை. அதை நம்பி விட்டுவிட்டால் பொறியியல் போன்ற படிப்புகளின் கதவு மூடிவிடும். 12 வயதிலேயே அவர்களுடைய கணிதப் பாடப்பட்டியலை எடுத்து, உங்கள் புத்தகத்தில் இல்லாத பாடங்களைக் குறித்துவையுங்கள்.