கடன் யார் பெயரில்?

கேள்வி: ஓஹையோவில் டேட்டன் அருகே வசிக்கிறோம். எனக்கு வயது 52. கணவன், மனைவி இருவருக்கும் கிரீன் கார்டு. இங்கேயே பிறந்த மகள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் குற்றவியல் நீதி படிக்க விரும்புகிறாள். நன்னடத்தை அதிகாரி ஆக வேண்டும், பிறகு எஃப்.பி.ஐ. என்கிறாள். ஆண்டுச் செலவு 52,000 டாலர், உதவித்தொகை 22,000. என்னால் ஆண்டுக்கு 12,000 தர முடியும். மீதிக்குப் பல்கலைக்கழகமே வழி சொல்லியிருக்கிறது. அரசு வேலையில் சேர்ந்தால் கடன் தள்ளுபடியாகிவிடுமாமே, துணிந்து சேர்க்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய பல்கலைக்கழக உதவிக் கடிதத்தின் கடைசி வரியில் ‘கட்ட வேண்டியது: 12,000’ என்று இருக்கிறது. அதற்கு மேலே உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். மகள் பெயரில் மத்திய அரசுக் கடன் 5,500. உங்கள் பெயரில் ‘பேரன்ட் பிளஸ்’, அதாவது பெற்றோர் வாங்கும் மத்திய அரசுக் கடன், 12,500. இரண்டையும் உதவித்தொகையோடு ஒரே பட்டியலில் சேர்த்துக் கழித்திருக்கிறார்கள். கடனை உதவி என்று எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது; எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை.

மகளின் கடனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 7,500 என அரசே வரம்பு கட்டியிருக்கிறது. மொத்தம் 27,000. பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் 300 முதல் 350 டாலர் ஆகும். நன்னடத்தை அதிகாரிகளின் நடுத்தர ஊதியம் 2024 கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 64,500. தொடக்கச் சம்பளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனாலும் தாங்கும். மாவட்டத்திலோ மாநிலத்திலோ வேலை கிடைத்து வருமானத்தை ஒட்டிய திட்டத்தில் 120 தவணைகளை முறையாகக் கட்டினால், மீதி ஏதாவது இருந்தால் அதற்குப் பொதுச் சேவைத் தள்ளுபடிக்கும் அவள் விண்ணப்பிக்கலாம்.

தள்ளுபடி உண்டு என்று யாரோ சொன்னது அவள் கடனுக்குத்தான் பொருந்தும். அந்தத் திட்டம் கடன் வாங்கியவர் எங்கே வேலை செய்கிறார் என்று பார்க்கும். பேரன்ட் பிளஸ் வாங்குவது நீங்கள். மகள் நீதிமன்றத்தில் முப்பது வருடம் உழைத்தாலும் உங்கள் கணக்கில் ஒரு டாலர் குறையாது.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், மகளின் கடன் வரம்பும் ஏறும். இரண்டும் ஈடாகும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பேரன்ட் பிளஸ் கடன் நான்கு ஆண்டுகளில் 50,000. புதிய சட்டப்படி 2026 ஜூலை முதல் இந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. நீங்கள் அதற்குள் அடங்கிவிடுவீர்கள் என்பதுதான் ஆபத்து. கையில் வருமுன்பே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். வட்டி 9 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. படிப்பு முடியும்வரை தவணையைத் தள்ளிப்போட்டால் கடன் 61,000-ஐத் தாண்டும். பிறகு பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் 770 டாலருக்கு மேல், உங்களுக்கு 66 வயது ஆகும்வரை. ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

எஃப்.பி.ஐ. கனவு இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறப்பு முகவர் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை, பட்டப்படிப்பு, 23 முதல் 36 வரை வயது ஆகியவை தேவை. பட்டம் குற்றவியல் நீதியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரசு உத்தரவாதமுள்ள கல்விக் கடனைக் கட்டத் தவறியவரை அவர்கள் சேர்ப்பதில்லை. ஆக, அவள் பெயரில் உள்ள கடன் சிறியதாக இருப்பது வேலைக்கே காப்பு. இத்தகைய கல்லூரிகளில் கணக்கியலைத் துணைப்பாடமாக எடுக்க இடமிருக்கும். நிதிக் குற்றங்களை விசாரிக்கும் இடத்தில் அதற்கு நல்ல மதிப்பு.

பல்கலைக்கழகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனையோடு நிற்காமல் பாதிக்கப்பட்டவரையும் குற்றவாளியையும் சேர்த்து யோசிக்கும் மறுசீரமைப்பு நீதி, கிறிஸ்தவக் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றிய துறை. மிஷிகனில் கால்வின் பல்கலைக்கழகம் சிறைக்குள்ளேயே பட்டப்படிப்பு நடத்துகிறது. நன்னடத்தை அதிகாரி ஆக விரும்பும் பெண்ணுக்கு அந்தச் சூழலில் படிப்பது வீண் இல்லை. விலைதான் இடிக்கிறது.

முதலில் உதவித்தொகையை உயர்த்தக் கேளுங்கள். தனியார் கல்லூரிகளில் அறிவிக்கும் கட்டணத்துக்கும் வாங்கும் கட்டணத்துக்கும் பெரிய இடைவெளி உண்டு. பேரம் பேசுவதில் வெட்கமில்லை. உங்கள் திருச்சபை ஏதாவது தந்தால் அதற்கு ஈடாகத் தாங்களும் தரும் திட்டம் பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் இருக்கிறது, போதகரிடமும் பேசுங்கள்.

அப்படியும் 12,500 பெரிதாகக் குறையாவிட்டால், முதல் இரண்டு ஆண்டுகள் டேட்டனிலேயே உள்ள சிங்க்ளேர் சமுதாயக் கல்லூரி. குற்றவியல் நீதி அங்கேயும் உண்டு. வீட்டிலிருந்து போய் வரலாம், கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். நீங்கள் ஒதுக்கிய 12,000-இல் மிஞ்சுவதைச் சேர்த்தால் கடைசி இரண்டு ஆண்டுகளின் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆனால் மாறி வருவோருக்கு உதவித்தொகை குறையலாம். வேதாகமப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள், மூன்றாம் ஆண்டில் எவ்வளவு தருவார்கள் என்பதைச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கையை உறுதிசெய்யும் மே 1 கெடுவுக்கு முன் அது கையில் இல்லையென்றால் முன்பணம் கட்ட வேண்டாம்.