உணர்ச்சியே இல்லாத காலில் எரிச்சல் வருமா?

தண்டுவடத்தில் அடிபட்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு மறுவாழ்வு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் பதில் தருகிறார்கள்.

என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகிறது. தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் ராத்திரியில் பாதம் இரண்டும் நெருப்பாக எரிகிறது என்கிறார். சில நேரம், “கால் மடங்கிக் கிடக்கு, நீட்டி விடு” என்கிறார். பார்த்தால் நீட்டித்தான் இருக்கிறது. மனசு பாதித்துவிட்டதா?
– வாசகி, பொள்ளாச்சி

மனசுக்கு ஒன்றும் இல்லை. அவர் சொல்வது அத்தனையும் நிஜமான வலி. தொப்புள் மட்டம் என்றால் டி10, அதாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது மட்டத்தில் அடி. அதற்குக் கீழிருந்து மூளைக்குச் செய்தி போகும் வழி அடைபட்டுவிட்டது. ஆனால் பாதத்துக்கென்று மூளையில் உள்ள இடம் அப்படியே இருக்கிறது. செய்தி வராமல் போனதும் அடிபட்ட இடத்தின் நரம்புகளும் மூளையும் தாமாகவே கிளர்ச்சியடைகின்றன. அதுதான் எரிச்சலாகவும் ஷாக் அடிப்பதுபோலவும் தெரிகிறது. கால் மடங்கிக் கிடப்பதாகத் தோன்றுவதும் இதே வகைதான். சிலருக்கு விபத்து நேரத்தில் கால் எப்படி இருந்ததோ அதே நிலையில் இருப்பதாகத் தோன்றும்.

“அதெல்லாம் இல்லை” என்று வாதாடாதீர்கள். போர்வையை விலக்கி, அவரைச் சாய்த்து உட்காரவைத்து, காலைக் கண்ணால் பார்த்துக் கையால் தடவச் சொல்லுங்கள். பலருக்கு அந்த உணர்வு கொஞ்சம் அடங்கும்.

டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்குப் பெரிதாகக் கேட்காது. நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகம்தான் கெடும். ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள். தூக்கக் கலக்கமும் கால் வீக்கமும் வரலாம். அமிட்ரிப்டிலின் சிறுநீரைக் கட்டிவைக்கும் என்பதையும் கவனியுங்கள். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. சூடாக எதையும் காலில் வைக்காதீர்கள். கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. வழக்கமான எரிச்சல் ஒருநாள் இரட்டிப்பானால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புண், நகச்சுற்று என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

தம்பியின் காலைத் தொட்டாலே வெட்டி வெட்டி இழுக்கிறது. நரம்புக்கு உயிர் வந்துவிட்டது, எண்ணெய் போட்டு நன்றாக இழுத்து நீவினால் நடந்துவிடுவான் என்கிறார்கள்.
– வாசகர், கோவில்பட்டி

அடிபட்ட முதல் சில வாரங்கள் கால் துவண்டு கிடக்கும். பிறகு அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் தனியாக வேலை செய்யத் தொடங்குகிறது. தொட்டால் அதுவே காலை இழுக்கிறது. தடுத்து நிறுத்த வேண்டிய மூளையின் கட்டளை அங்கே வருவதில்லை. இந்த வெட்டு, குணமாவதன் அடையாளம் இல்லை. “கட்டை விரலை அசை” என்று சொன்னால், சொன்னபோதெல்லாம் அசைகிறதா, ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் தெரிகிறதா, இவைதான் அடையாளம். மருத்துவர் இவற்றைச் சோதித்துச் சொல்வார்.

இழுத்து நீவுவது ஆபத்து. எடை தாங்காத கால் எலும்பு ஓரிரு ஆண்டுகளிலேயே மெலிந்துவிடும். முரட்டுத்தனமாக மடக்கினால் தொடை எலும்பு முறியும். வலி தெரியாது. வீக்கம், சூடு, திடீரென்று கூடிய வெட்டு, இவைதான் காட்டிக்கொடுக்கும். தினமும் கணுக்காலையும் தொடையின் பின்தசையையும் மெதுவாக நீட்டி, அரை நிமிடமாவது பிடித்து விடுங்கள். வெட்டு முழுக்கப் போய்விட வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். தசை வற்றாமல் இருக்க ஓரளவு உதவுகிறது, சிலருக்குக் கட்டிலிலிருந்து மாறும்போது கைகொடுக்கிறது. வெட்டைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை சாப்பிட்டால், தீர்ந்துபோகும் முன்பே வாங்கிவையுங்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

அண்ணனுக்குக் கழுத்தில் சி6 அடி. பிபி எப்போதும் 100/60தான். போன வாரம் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி. முகம் சிவந்து வியர்வை கொட்டியது. கிளினிக்கில் 150 இருந்தது. டென்ஷன் என்று சொல்லிப் படுக்கவைத்தார்கள்.
– வாசகர், திண்டுக்கல்

இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்காதீர்கள். இது ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா. டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ, அதாவது நடு நெஞ்சுக்கு மேலே அடிபட்டவர்களுக்கு வரும். கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் நிரம்பிய மூத்திரப்பை. அந்தச் செய்தி மூளைக்குப் போகாமலேயே, கீழே உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. பிபி ஏறுகிறது. “தளர்த்து” என்று மூளை சொல்வது அடிபட்ட இடத்தைத் தாண்டி இறங்காது. அதனால்தான் மேலே சிவப்பும் வியர்வையும், கீழே வெளுப்பும் மயிர்க்கூச்சும். பிபியின் மேல் எண் வழக்கமான அளவிலிருந்து 20 முதல் 40 ஏறினாலே ஆபத்து. உங்கள் அண்ணனுக்கு 50 ஏறியிருக்கிறது. விட்டால் வலிப்பும் மூளையில் ரத்தக் கசிவும் வரலாம்.

படுக்கவைப்பதுதான் பெரிய தவறு. உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். அதிலேயே பிபி சற்று இறங்கும். பெல்ட், வயிற்றுக் கட்டு, ஷூ, காலில் கட்டிய சிறுநீர் பேக்கின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அடுத்து கதீட்டர், அதாவது சிறுநீர் எடுக்கும் டியூப். டியூப் மடங்கியிருக்கிறதா, பேக் நிரம்பிவிட்டதா, பாருங்கள். அடைத்திருந்தால் உடம்புச் சூட்டில் உள்ள சலைன் 10 முதல் 15 மில்லி மட்டும் மெதுவாக விடலாம்; போகவில்லை என்றால் அழுத்தாமல் கதீட்டரை மாற்றுங்கள். நிரந்தர டியூப் இல்லாதவருக்கு அப்போதே கதீட்டர் போட்டுச் சிறுநீரை எடுங்கள். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லி தடவி இரண்டு நிமிடம் பொறுத்தால், கதீட்டர் போடுவதே புதிய உறுத்தலாகாது. அதற்கும் அடங்கவில்லை என்றால் மலம் தேங்கியிருக்கலாம். அதற்கும் ஜெல்லி வைத்துக் காத்திருந்து மெல்ல எடுங்கள்; எடுக்கும்போது பிபி ஏறினால் நிறுத்துங்கள். பிறகு புண், கால் நகம், உள்ளாடையின் மடிப்பு.

2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். காரணம் தெரியாமல் 150-லேயே நின்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அங்கேயும் உட்காரவைத்தே வைத்திருக்கச் சொல்லுங்கள். அடங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் கவனிக்க வேண்டும். அடிபட்ட மட்டம், வழக்கமான பிபி, இந்த நோயின் பெயர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அண்ணனின் சட்டைப் பையில் வையுங்கள். இதைப் பார்த்தே இராத மருத்துவர்கள் உண்டு. அட்டை இருந்தால் நேரம் மிச்சம்.

செல்போன் சர்வீஸ் கடையில் நாள் முழுக்க வீல்சேரில் வேலை. உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கன்றியிருக்கிறது. வலியில்லை. அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி எழும்புகிறேன். போதாதா?
– வாசகர், ஈரோடு

போதாது. கையூன்றி எத்தனை விநாடி நிற்க முடியும்? அழுந்திய தசைக்கு ரத்தம் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். தோள்பட்டையும் தேய்கிறது. அதற்குப் பதில் முன்சக்கரம் முன்பக்கம் திரும்பியிருக்கும்படி நிறுத்தி, பிரேக் போட்டு, நெஞ்சு தொடையில் படும்படி குனிந்து இரண்டு நிமிடம் இருங்கள். குனிய முடியாவிட்டால் மேசையில் முழங்கையூன்றி ஒருபக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்ச்சி உள்ளவர்கள் தெரியாமலே நெளிந்துகொண்டிருப்பார்கள். உங்களுக்கு அந்த உறுத்தல் மூளைக்கு எட்டுவதில்லை. சேதம் எலும்பை ஒட்டித் தொடங்கித்தான் வெளியே வரும். மேலே ஒரு ரூபாய் என்றால் உள்ளே அதைவிட அகலமாக இருக்கலாம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டு, மறுபக்கத்தைவிடச் சூடா, கெட்டியா என்று பாருங்கள். உட்காருவதை விட்டு அரை மணியில் மறையவில்லை என்றால், மறையும்வரை கடை வேண்டாம். குப்புறப் படுங்கள். வருமானம் போகும்தான், ஆனால் புண் திறந்துவிட்டால் மாதக்கணக்கில் படுக்கை. திறந்தால் மஞ்சள், டெட்டால், பவுடர் எதுவும் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கன்றிய இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

குஷனைச் சோதியுங்கள். உட்கார்ந்தபடி எலும்புக்குக் கீழே கையை நுழையுங்கள். காற்று குஷனில் எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே அரை முதல் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். காற்று அதிகமானாலும் கெடுதல். நடுவில் ஓட்டையுள்ள வட்ட டியூப் குஷன் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தைத் தடுக்கும். ஜீன்ஸின் பின்பக்கப் பாக்கெட், அதிலுள்ள பர்ஸ், தடித்த தையல் எல்லாமே புண் உண்டாக்கும். காலையும் இரவும் கண்ணாடியிலோ போன் கேமராவிலோ பாருங்கள்.

என் கால்கள் யாரோ ஒருவருடையவை மாதிரி இருக்கின்றன. உட்கார்ந்தால் மிதப்பதுபோல் இருக்கிறது, விழுந்துவிடுவேனோ என்று பயம்.
– வாசகர், விழுப்புரம்

மிதப்பது கற்பனையில்லை. இருக்கை தொடுவதும் வயிற்றுத் தசை பிடிப்பதும் தெரியாததால் உடம்புக்கு அடித்தளம் கிடைக்கவில்லை. அதனால் ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். கட்டில் ஓரத்தில், பாதம் இரண்டும் தரையில் பதிய, முன்னால் கண்ணாடி வைத்து உட்காருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். முதலில் ஒரு கையை எடுங்கள், பிறகு இரண்டையும். அதன்பின் பந்து பிடிப்பது. காலை நீங்களே கையால் தூக்கி வையுங்கள், நீங்களே கழுவித் துடையுங்கள், நீங்களே பாருங்கள். அப்படிச் செய்யச் செய்யத்தான் கால் மறுபடி உங்கள் பொறுப்புக்குள் வரும். வீல்சேரும் உடம்போடு சேர்ந்துவிடும். சொல்லாமல் யாராவது தள்ளினால் மேலே கை வைத்ததுபோல் இருக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே.

மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் 1966-ல் அவர் முயற்சியில் உருவானது. உடம்பு அசையாமல் உட்காரப் பழகினால்தான் இரண்டு கைகளும் வேலைக்கு விடுபடும்.

வயது 24. அடிபட்டு மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. இனி குழந்தை பிறக்காதா?
– வாசகி, நாகர்கோவில்

பிறக்கும். அடிபட்ட அதிர்ச்சியில் மாதவிலக்கு சில மாதம் நிற்பது வழக்கம், திரும்பிவிடும். கருப்பை இயல்பாகவே வேலை செய்யும். கர்ப்பமானால் சிறுநீர்த் தொற்றும் புண்ணும் எளிதில் வரும். டி10-க்கு மேல் அடி என்றால் பிரசவ வலி தெரியாமலே போகலாம். டி6 அல்லது அதற்கு மேல் என்றால் மேலே சொன்ன பிபி ஏற்றம் பிரசவத்தில் வரலாம். இரண்டையும் மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையைக் கேட்காமல் போடாதீர்கள், காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். நாப்கினை, 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை கதீட்டர் போடும்போதே மாற்றினால் மடிப்பு அழுந்திப் புண்ணாகாது. தாம்பத்திய உணர்வும் முழுக்கப் போய்விடுவதில்லை. கழுத்து, மார்பு, உணர்ச்சி முடியும் எல்லைக்கோடு ஆகிய இடங்களில் அது கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள்.

அப்பாவுக்குக் கழுத்தில் அடி. காய்ச்சலே இல்லாமல் மதியத்தில் 102 டிகிரி காட்டுகிறது.
– வாசகி, வேலூர்

அவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. அறைச் சூடே உடம்பில் ஏறிவிடும். பாராசிட்டமால் அதைக் குறைக்காது. நிழலுக்கு மாற்றி, ஈரத்துணியால் கை கால் துடைத்து, ஃபேன் போடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், அதற்கேற்பக் கதீட்டர் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் தொற்றா என்று பார்க்கச் சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள்.