சிங்கப்பூர் சம்பளத்துக்கு மன்னார்குடியில் வரி உண்டா?

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் வேலை, மாதாமாதம் திருச்சி வழியாக மன்னார்குடி வந்து போகிறீர்கள், ஆண்டுக்கு 110 நாள் போல ஊரில் இருக்கிறீர்கள். அந்தச் சம்பளத்துக்கு இங்கேயும் வரி உண்டா என்பதுதானே கேள்வி?

கிடையாது. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு வந்து போகும் இந்தியக் குடிமகனுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாள்தான் வரம்பு; அதற்குக் குறைவாக இங்கே இருந்தால் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. 60 நாள் இங்கே இருந்தாலே வரி என்று உங்கள் மாமா சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வரம்பை 120 நாளாகக் குறைக்கும் விதியோ இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு. கும்பகோணத்தில் உங்களுக்கு வரும் கடை வாடகை அதன் பக்கத்தில்கூட வராது. வந்திறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. பயணச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். சம்பளம் முதலில் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். கம்பெனி நேராக இங்குள்ள கணக்கில் போட்டால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று வரி கேட்க இடமுண்டு. அங்கே வாங்கி, அப்புறம் அம்மாவுக்கு அனுப்புவதில் சிக்கலே இல்லை.

கும்பகோணம் கடை வாடகைக்கு வரி இங்கேதான். வாடகைக்கு இருப்பவர் பிடித்தம் செய்து கட்ட வேண்டும்; அதிகமாகப் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறுவை, சம்பா நெல் வருமானத்துக்கு வரி இல்லை.

பழைய சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தால், அடுத்த முறை வரும்போது என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்குள்ள வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) மாற்றிவிடுங்கள்.