கப்பல் டாக்கில் கால்பந்து மைதானம்

கேள்வி: 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க் மைதானத்தை விட்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கால்பந்து கிளப் ஆற்றங்கரை டாக்குக்கு (கப்பல் நிற்கும் துறைக்கு) போனது சரியா? (திருச்சி வாசகர்)

பதில்: சரி என்றுதான் சொல்வேன். குடிசன் பார்க்கைச் சுற்றி நெருக்கமான வீடுகள். ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம் ஒட்டிக்கொண்டே நிற்கிறது. பெரிதாக்க வழியில்லை. புது மைதானத்துக்கு முதலில் பார்த்த இடமான கிங்ஸ் டாக் பணமில்லாமல் கைநழுவியது. அப்புறம் கிர்க்பி, அது லிவர்பூல் நகர எல்லைக்கே வெளியே. 2009இல் அந்தத் திட்டத்தை அரசு மறுத்தபோது எனக்கு நிம்மதி. ஊர்க் கிளப் ஊருக்குள்தானே இருக்க வேண்டும்?

கடைசியில் புது மைதானம் வந்த பிராம்லி-மூர் டாக்கில் கடல் மணலைக் கொட்டி நிரப்பினார்கள். பழைய டாக் சுவர்கள் அடியில் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் 2021இல் லிவர்பூலின் உலகப் பாரம்பரியத் தகுதியை யுனெஸ்கோ பறித்ததற்கு இந்த மைதானமும் ஒரு காரணம். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

இன்னொரு குறை ரயில். ஆட்டம் முடிந்தால் 50,000 பேருக்கு மேல் வெளியே வருவார்கள். பக்கத்து நிலையமான சாண்ட்ஹில்ஸ் சின்னது. அங்கே நடந்துபோய் வரிசையில் நிற்க வேண்டும். மைதானத்தோடு சேர்த்தே ஒரு புது நிலையமும் கட்டியிருக்கலாம்.