தட்டையா விரிச்சு யாரு உடுத்துறா?

அன்புள்ள மேடம்,
டெக்ஸ்டைல்ஸ் அண்ட் க்ளோத்திங்ல பிஎச்டி சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. கரண்ட் கடத்துற நூல் வச்சு ஸ்மார்ட் டெக்ஸ்டைல் பண்ணுன்னு கைடு சொல்றார், ஃபண்டு அதுக்குத்தான் வருதாம். எனக்கு உடுத்தித் தேய்ஞ்ச துணிகளைப் பத்திப் பண்ண ஆசை. "தையல் கிளாஸுக்கா டாக்டர் பட்டம்?"னு சொந்தக்காரங்க கிண்டல் வேற. வெறும் பழைய துணியில அப்படி என்னதான் இருக்குன்னு எனக்கே சில நேரம் தோணுது. எதை எடுக்கட்டும்?
ர.

அன்புள்ள ர.,

சொந்தக்காரங்களை விடுங்க, அவங்க எதுக்கும் சொல்லுவாங்க. ஃபண்டு உங்களுக்கும் கைடுக்கும் நடுவுல உள்ளது, நான் வரல. ஆனா "வெறும் பழைய துணி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, சுருக்குனு இருந்துச்சும்மா. ஊர் பண்ற கிண்டலுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டா எப்படி?

போன வாரம்தான் ஒரு தீசிஸ் படிச்சேன். நல்ல உழைப்பு, ஆனா டெஸ்ட் பண்ணது பூராவும் புதுத்துணி. 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள ரூம்ல வச்சு, துணி எவ்வளவு தேய்ப்பைத் தாங்கும்னு பார்க்கிற மார்டிண்டேல் மெஷின்ல தட்டையா மாட்டி, கம்பளித் துணியில தேய்ச்சு, எத்தனாவது சுத்துல நூல் அறுந்துச்சுன்னு டேபிள் டேபிளா போட்டிருக்காங்க. ஸ்டாண்டர்ட் வேண்டாங்கல, அது இல்லாட்டி ஒரு லேப் கணக்கை இன்னொரு லேப்போட ஒப்பிடவே முடியாது. ஆனா தட்டையா விரிச்சு யாரு உடுத்துறா? முழங்கை மடங்குது, கழுத்து வேர்க்குது, துவைச்சு முறுக்கிப் பிழியிறோம். நனைஞ்சா பருத்திக்கு பலம் கொஞ்சம் கூடும், மரக்கூழ்ல இருந்து செய்யுற விஸ்கோஸ் பாதி பலத்தை விட்டுடும், இத்தனைக்கும் ரெண்டுமே செல்லுலோஸ்ங்கிற ஒரே தாவரப் பொருள்தான். காய்ஞ்ச துணியை மட்டும் இழுத்துப் பார்க்கிறவங்களுக்கு இது எங்க தெரியப்போகுது?

நான் எம்எஸ்சி படிக்கும்போது டீச்சர் ஒருத்தங்க ஒரு பழைய சட்டையைக் கையில கொடுத்து காலரைப் பிரிச்சுப் பார்க்கச் சொன்னாங்க. அழுக்கா இருக்கேன்னு மூஞ்சியச் சுளிச்சேன். "மூக்கை வேணா மூடிக்கோ, கண்ணை மூடாதே"ன்னு ஒரு அதட்டு. பிரிச்சா, அடிப்பக்கத்துல மடிப்பு விழுந்த கோட்டுல ஊடை நூல் வரிசையா அறுந்திருக்கு, மடிப்போடயே நீளவாக்குல ஓடின பாவு நூல் மட்டும் அப்படியே இருக்கு. மடிஞ்சு மடிஞ்சு செத்தது குறுக்கே போன நூல்தான். அடிப்பக்கம் எப்படி இவ்வளவு தேயும்னு புரியாம முழிச்சிட்டிருந்தப்போதான் கவனிச்சேன், தையலுக்கு ஒட்டினாப்ல இன்னொரு வரிசை ஊசி ஓட்டை, சீரா, நூலே இல்லாம. யாரோ மெஷின் தையலைப் பிரிச்சு, தேய்ஞ்ச பக்கம் அடியில போறமாதிரி காலரைத் திருப்பிப் போட்டு, வேற கலர் நூல்ல கையாலயே தைச்சிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் நூல் எண்ணுற சின்ன லென்ஸான பிக் கிளாஸை வச்சுட்டு அந்த ஓட்டைகளை எண்ணிட்டே உக்காந்திருந்தேன், மத்த பிள்ளைங்க எல்லாம் கிளம்பிட்டாங்க.

எதையோ கேட்டீங்கல்ல, ஆங், ஸ்மார்ட் டெக்ஸ்டைல். தாராளமா எடுங்க. வெள்ளி பூசின நைலான் நூலும் துவைக்கத் துவைக்க பூச்சு தேய்ஞ்சு ரெசிஸ்டன்ஸ் ஏறத்தான் செய்யும், அதையும் ஒரு மனுஷனுக்குப் போட்டுவிட்டு, வேர்க்க விட்டு, துவைச்சு, பிரிச்சுப் பாருங்க. அதுவும் தேய்ஞ்ச துணிதானே, கைடும் சந்தோஷப்படுவார்.

அது கிடக்கட்டும், ஆறு மாசத்துல இதுவரைக்கும் ஒரு காலராவது பிரிச்சிருக்கீங்களா? அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே கடிதத்துல. பிரிச்சிட்டு எழுதுங்க.