போர்வை அட்டையில் அச்சிட்ட 20 ரூபாய்

கேள்வி: கரூரில் எங்கள் குடும்பத்தார் சேர்ந்து போர்வை, படுக்கை விரிப்பு தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்ட பிறகு, விற்பனையில் ஒரு பகுதியை இத்தகைய துயரங்களுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தோம். கடந்த நிதியாண்டு முழுவதும் போர்வை அட்டையில் ‘இந்தப் போர்வையின் விலையில் 20 ரூபாய் பேரிடரில் வீடிழந்தவர்களுக்குச் செல்கிறது’ என்று அச்சிட்டோம். 42,000 போர்வைகள் விற்றன. பணத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபம் 1.20 கோடி ரூபாய். 40 சதவீதப் பங்கு வைத்திருக்கும் சித்தப்பா, “நூல் விலை ஏறிக் கிடக்கிறது, கிடங்கில் இருக்கும் செகண்ட்ஸ் (குறையுள்ள) போர்வைகளை அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவோம், மீறிப் பணம் கொடுத்தால் வழக்குப் போடுவேன்” என்கிறார். நெதர்லாந்து வாடிக்கையாளர் ஒருவரோ தன் பங்காக இன்வாய்ஸில் கூடுதல் தொகை சேர்த்து அனுப்புவதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கரூர்

பதில்: கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அட்டையைப் பலமுறை படித்துப் பார்த்தேன். துவைக்கும் முறையைக் காட்டும் குறிகளுக்குக் கீழே, விலையை விடச் சற்றுப் பெரிய எழுத்தில் அந்த வரி இருக்கிறது. ‘லாபத்தில்’ என்று நீங்கள் போடவில்லை, ‘விலையில்’ என்று போட்டிருக்கிறீர்கள். ‘செல்லும்’ என்றும் இல்லை, ‘செல்கிறது’ என்று இருக்கிறது. உங்கள் பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது. விற்ற ஒவ்வொரு போர்வைக்கும் 20 ரூபாய் என்றால் 8,40,000 ரூபாய்; அந்த ஆண்டில் லாபம் வந்ததா, குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் லேபிள், உறை, இன்வாய்ஸ் ஆகியவையும் சேரும். எனவே பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ விளம்பரம் செய்யவில்லை என்ற வாதம் உங்களுக்கு உதவாது. தவறான எண்ணம் ஏற்படுத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளர் மீது 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அந்த 8,40,000 ரூபாய் விற்பனையான அன்றே அறக்கட்டளைச் சொத்தாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி அது இன்னும் கம்பெனியின் பணம்தான். ஆனால் அதைக் கொடுக்காமல் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அட்டையில் உள்ள வரியைப் பொய்யாக்கிக்கொண்டே போகிறது. முதல் வேலையாக அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி வையுங்கள்.

அதே நேரத்தில், உங்கள் சித்தப்பாவின் எதிர்ப்பில் சட்டப்படி ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 181-ஆவது பிரிவின்படி, அறநிதிகளுக்கு நன்கொடை கொடுக்க இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு நிதியாண்டில் கொடுக்கும் மொத்தத் தொகை, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால், பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். உங்களுக்கு அந்த எல்லை 6 லட்சம். நீங்கள் கொடுக்க வேண்டியதோ 8,40,000. இந்த ஆண்டு விற்பனைக்கான தொகையையும் இதே நிதியாண்டில் கொடுத்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். இயக்குநர்கள் மட்டும் கூடி முடிவெடுத்துக் கொடுத்துவிட்டால், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக அவருக்கு நீங்களே காரணம் கொடுத்தவர்களாவீர்கள். அங்கே மனுச் செய்யப் பத்தில் ஒரு பங்கு போதும், அவரிடம் 40 சதவீதம் இருக்கிறது.

ஆகவே பொதுக்கூட்டம் கூட்டுங்கள். இதற்குச் சாதாரணத் தீர்மானம் போதும். மீதி 60 சதவீதத்தினர் ஒன்றாக நின்றால் நிறைவேறிவிடும். குறுகிய அறிவிப்பில் கூட்டம் நடத்த 95 சதவீதப் பங்குடையோரின் சம்மதம் வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்காது. கம்பெனியின் சங்க விதிகள் வேறு விதமாகச் சொல்லாத வரையில், 21 முழு நாள் அறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும். சித்தப்பாவுக்கு அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம், வாயால் சொல்லிவிட்டோம் என்று விட்டுவிட வேண்டாம்.

செகண்ட்ஸ் சரக்கை அனுப்பும் யோசனையை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஓரத்தில் நெசவு விட்டுப்போன போர்வையை, எல்லாம் இழந்து முகாமில் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்து, வாங்கியவரிடம் சொன்ன 20 ரூபாயை அதில் கழிப்பது எந்த வகையிலும் சரியாகாது. அட்டை சொல்வது பணத்தை. அதோடு, இலவசமாகக் கொடுக்கும் சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை (மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி திருப்பிக் கட்ட வேண்டும். நல்ல போர்வைகளைத் தனியாகக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். அது இந்தக் கணக்கில் வராது. 20 ரூபாயை விலையிலிருந்து கழித்து ஜிஎஸ்டி கட்டவும் முடியாது. முழு விலைக்கும் வரி உண்டு.

இது கட்டாயச் சமூகப் பொறுப்புச் செலவு அல்ல. நிகர லாபம் 5 கோடியையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டிய கம்பெனிகளுக்கே அந்தக் கடமை.

வருமான வரியில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சட்டத்தின் 115பிஏஏ பிரிவில் 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, நன்கொடைக்கான 80ஜி கழிவு கிடையாது. அந்த வரிமுறையில் நீங்கள் இருந்தால், முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தாலும் வரிச் சலுகை வராது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் வையுங்கள். வரிச் சலுகை உண்டு என்று நினைத்து வாக்களித்தோம் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

நெதர்லாந்துக்காரரின் பணத்தை நீங்கள் வாங்க வேண்டாம். ஏற்றுமதிச் சரக்குக்கு வரும் விலை வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் விலைக்கு மேல், தொண்டுக்கென்று வரும் தொகை 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்குள்ள கணக்கில், அவரே நேரடியாகச் செலுத்தட்டும்.

தீர்மானத்தில் பணம் எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதுங்கள். ரசீதின் நகலை உங்கள் விற்பனைத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். இனி அச்சிடும் அட்டையில் பெறும் நிறுவனத்தின் பெயரும் காலவரம்பும் இருக்க வேண்டும். கடைகளில் தொங்கும் பழைய அட்டைகள் விற்றுத் தீரும்வரை, அவற்றுக்கான 20 ரூபாயையும் மாதந்தோறும் அந்தத் தனிக் கணக்கில் சேர்த்து வாருங்கள்.