கேரட் சிவக்க மாட்டேன் என்கிறதே!

ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனில் அரை கிலோ கேரட்டை வறுக்க 180 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். சிவக்கவே இல்லை, சொதசொதவென்று வெந்துபோயிருந்தது. எங்கே தவறு?
— வாசகி, ஈரோடு

எல்லாம் தண்ணீர் செய்த வேலை. கேரட்டில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கோ 140-க்கு மேல் வேண்டும். ஆகவே கழுவிய கேரட்டைத் துணியால் நன்றாக ஒற்றிவிட்டு வெட்டுங்கள்.

அடுத்தது இடம். ஓ.டி.ஜி. டிரே சின்னது, அரை கிலோவையும் அதில் குவித்தால் ஒன்றிலிருந்து கிளம்பும் ஆவியில் மற்றொன்று வேகும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். துண்டுக்குத் துண்டு அரை விரல் இடைவெளி விட்டு, இரண்டு தடவையாக வையுங்கள்.

இரண்டரை அங்குல நீளம், சுண்டுவிரல் கனம் சரியான அளவு. தடித்த மேல்பகுதியை நீளவாக்கில் நான்காகவும் நுனியை இரண்டாகவும் வகிர்ந்தால் எல்லாம் ஒன்றுபோல வேகும். வட்டமாக, மெலிதாக நறுக்கினால் ஓரம் கருகி நடு வாடிவிடும். அரை கிலோவுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள். முதலில் எண்ணெயில் பிசறுங்கள். உப்பை டிரேயில் வைக்கும் நேரத்தில் போட்டால் போதும். முன்பே போட்டு ஊறவிட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

சூடு 210 டிகிரி. பத்து நிமிடம் முன்சூடு செய்து, வெட்டிய தட்டைப் பக்கம் டிரேயில் படும்படி அடுக்குங்கள். 15 நிமிடத்தில் ஒருமுறை புரட்டி, இன்னும் பத்து நிமிடம். ஓரம் பழுப்பேறி, கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. தோசைக்கல்லில் முடியுமா?
— வாசகர், திண்டுக்கல்

தாராளமாக. கனமான இரும்புக் கல்லாக இருக்கட்டும். ஒரு தடவைக்குக் கால் கிலோ போதும். துண்டுகளைப் பரப்பி, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, குழிவான மூடி போட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம். மூடியைத் திறந்ததும் அதில் கோத்திருக்கும் நீர் கல்லில் சொட்டாமல் அப்படியே தூக்கிவிடுங்கள். ஈரம் வற்றியதும் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், உப்பு, நடுத்தரத் தீ. பக்கத்துக்கு மூன்று நிமிடம் கை வைக்காதீர்கள். பொரியல் பழக்கத்தில் கிளறிக்கொண்டே இருந்தால் சிவக்காது.

பூண்டும் தேனும் சேர்த்தேன், கசந்துவிட்டது.
— வாசகி, தஞ்சாவூர்

இரண்டுமே கேரட்டுக்கு முன்னால் கருகும். கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கலாம். எங்களைக் கேட்டால் தேனே வேண்டாம். வறுபட்ட கேரட்டுக்கு இருக்கிற இனிப்பே போதும். இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, வறுத்துப் பொடித்த சீரகம் தூவிப் பாருங்கள்.

மாமியாருக்குச் சர்க்கரை. எண்ணெயே இல்லாமல் செய்து தரலாமா?
— வாசகி, மதுரை

எண்ணெயைக் குறைக்கலாம், அறவே விட வேண்டாம். கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். அதிலிருந்துதான் வைட்டமின் ஏ கிடைக்கிறது. 100 கிராம் பச்சைக் கேரட்டில் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம்தான். ஆனால் வறுத்தால் கேரட் சுருங்கும். ஒரே கிண்ணத்தில் கூடுதல் கேரட் அடங்கிவிடும். அதனால் அவருக்கு எடுத்துவைப்பதைப் பச்சையிலேயே எடை போட்டுக்கொள்ளுங்கள். சோற்றின் அளவையும் சேர்த்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊட்டி கேரட்டா, டெல்லி கேரட்டா?
— வாசகர், கோவை

இதற்கு ஊட்டி கேரட். நடுத்தண்டு வெளிறிக் கட்டையாக இருக்கும் முற்றல் காய் மட்டும் வேண்டாம். டெல்லி சிவப்புக் கேரட் சாறு மிகுந்தது, சிவக்க நேரமாகும். அது அல்வாவுக்குப் போகட்டும்.